எந்த ஊர் ஆங்கிலத்தைச் செயலியில் வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

சென்னைக் கல்லூரிகளில் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களின் ஆங்கிலச் சிரமங்களைப் பற்றி இந்தப் பகுதியில் முன்பு ஒரு பதில் எழுதியிருந்தேன். வகுப்பறை ஆங்கிலம் நன்றாகப் புரிகிறவர்கள்கூட இங்கே அலுவலகத்திலும் விடுதியிலும் திணறுகிறார்கள் என்பது அதன் சாரம். அதைப் படித்தவர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை, இதற்கென்று ஒரு கைப்பேசிச் செயலி செய்ய முடியுமா என்றே கேட்டன. எல்லாம் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நாங்கள் நால்வர், கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவர்கள். எங்கள் கல்லூரியில் சூடான், ஏமன், தான்சானியா, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் படிக்கிறார்கள். அவர்கள் ஆங்கிலம் கற்க உதவும் செயலி ஒன்றை எங்கள் ப்ராஜெக்டாகச் செய்ய விரும்புகிறோம். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரோ, 'ஏற்கெனவே இத்தனை செயலிகள் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?' என்று கேட்கிறார். அவருக்கு என்ன விடை சொல்வது? வேலையை எங்கிருந்து தொடங்குவது?
– மாணவர்கள், கிண்டி

பதில்: உங்கள் பேராசிரியர் கேட்டிருப்பது சரியான கேள்வி. அதற்கு விடை கிடைக்கும்வரை ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். அந்த விடையை நான் ஒரு மாணவர் பட்ட துன்பத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்திவந்த நாட்களில், சூடானிலிருந்து வந்த மாணவர் ஒருவர் என்னிடம் படித்தார். பள்ளிப் படிப்பை அரபு மொழியில் முடித்தவர். இங்கே வந்து ஓராண்டுக்குள் ஆங்கிலத்தில் ஓரளவு சரளமாகவே பேசினார். இரண்டாம் செமஸ்டர் தேர்வு முடிவு வந்த அன்று வகுப்புத் தோழர் ஒருவர் அவரிடம், 'உனக்கு ஒரு அரியர் இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். இவர் கைப்பேசியில் இருந்த அகராதியைத் திறந்து பார்த்திருக்கிறார். கட்டாமல் விட்ட நிலுவைப் பணம் என்று அது பொருள் சொன்னது. மறுநாள் காலை அறைத்தோழரிடம் கடன் வாங்கிக்கொண்டு போய், கட்டணக் கவுன்ட்டர் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றார். ஊழியர் கணக்கைப் பார்த்துவிட்டு, 'நோ டியூஸ்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். கடன் ஏதும் இல்லை என்ற நிம்மதியோடு அவரும் திரும்பிவிட்டார். தேர்ச்சி பெறாத தாளைத்தான் நாம் இங்கே அரியர் என்கிறோம் என்பது அவருக்குத் தெரியவந்தபோது, அந்தத் தாளை மறுபடியும் எழுதுவதற்குப் பதிவு செய்யும் கடைசி நாள் கடந்துவிட்டிருந்தது.

இதில் அகராதி பொய் சொல்லவில்லை. தோழரும் ஊழியரும் தவறாக எதுவும் சொல்லவில்லை. அந்த மாணவரின் ஆங்கிலத்திலும் பெரிய குறை கிடையாது. உலகம் முழுவதற்கும் பொதுவாகச் செய்யப்பட்ட செயலிகள் விமான நிலையத்தில் காபி வாங்கவும், ஓட்டலில் அறை கேட்கவும் நன்றாகவே கற்றுத்தருகின்றன. ஆனால், சென்னையில் ஒரு கல்லூரி அலுவலகத்தின் ஜன்னல் முன்னால் நிற்பவருக்கு அவை கைகொடுப்பதில்லை. உங்கள் பேராசிரியருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய விடை இதுதான்.

நாம் நாள்தோறும் புழங்கும் சொற்களை ஒருமுறை வெளியூர்க் காதோடு கேட்டுப்பாருங்கள். ஹால் டிக்கெட் என்றால் அது நாடகத்துக்கான நுழைவுச் சீட்டு இல்லை. ரெக்கார்டு என்பது இசைத்தட்டும் இல்லை, சாதனையும் இல்லை, ஆய்வக நோட்டு. போனஃபைடு என்பது நமக்குச் சான்றிதழின் பெயராகவே ஆகிவிட்டது. நம் மாணவர்கள் வகுப்பில் கையை உயர்த்தி, 'எனக்கு ஒரு டவுட்' என்று சொல்லும்போது, அவர்கள் ஆசிரியரின் சொல்லையே நம்ப மறுக்கிறார்கள் என்று தான்சானியாவிலிருந்து வந்த ஒரு மாணவி பல வாரங்கள் எண்ணிக்கொண்டிருந்தார். 2019-ல் பாஸ்டு அவுட் என்று நாம் சொன்னால் அந்த ஆண்டில் படிப்பை முடித்தவர் என்று பொருள். வேறு ஊர் ஆங்கிலத்தில் அவர் அந்த ஆண்டில் மயங்கி விழுந்தவர் ஆகிவிடுவார். வீடு தேடிப் போனால் அட்வான்ஸ் என்ற சொல் காத்திருக்கிறது. முன்பணம் என்றுதான் புதிதாக வந்தவர் அதைப் புரிந்துகொள்வார். வீட்டைக் காலிசெய்யும்போது திரும்பி வரவேண்டிய பணம் அது என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

இவற்றைப் பிழையான ஆங்கிலம் என்று உங்கள் செயலி எந்த இடத்திலும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பல கோடிப் பேர் பொருள் மயக்கமின்றிப் பயன்படுத்தும் மொழி அது. அதே நேரத்தில், அந்த மாணவர் நாளை ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் திறன் தேர்வு எழுதலாம், வேறு நாட்டுக்கு மேற்படிப்புக்குப் போகலாம். ஆகவே, ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு முகங்களைக் காட்டுங்கள்: இங்கே இதற்கு என்ன பொருள், இதையே வெளியே எழுதும்போது எப்படிச் சொல்ல வேண்டும். நான் பார்த்த செயலிகள் எதிலும் இந்த ஏற்பாடு இல்லை.

வெளிநாட்டு மாணவர் என்பது ஒற்றைக் கூட்டம் இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். தான்சானியாவில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பே ஆங்கில வழியில்தான் நடக்கிறது. அங்கிருந்து வருபவருக்கு இலக்கணப் பாடம் தேவைப்படாமல் போகலாம். ஏமன் மாணவரின் தாய்மொழியான அரபியில் நிகழ்காலத்துக்கு 'இஸ்', 'ஆர்' போன்ற இணைப்புச் சொல் கிடையாது. நாம் 'அவர் ஆசிரியர்' என்று சொல்லிவிடுவதைப் போல அவர்களும் சொல்லிவிடுகிறார்கள். எனவே, 'ஹி டீச்சர்' என்ற பிழை தமிழ்நாட்டுக்கும் ஏமனுக்கும் பொதுவானது. வியட்நாம் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப வடிவம் மாறுவதில்லை. சொல்லின் கடைசியில் வரும் மெய்யெழுத்துக் கூட்டங்களும் அவர்களுக்குப் பழக்கமில்லாதவை. இவர்கள் எல்லோருக்கும் ஒரே இலக்கணப் பாடத்தை வரிசையாக வைத்தால், ஒவ்வொருவருக்கும் பாதிப் பாடம் வீண். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது, இந்த ஊரில் அவர்கள் வாழும் நாள்தான். ஆகவே, அந்த நாளைச் செயலியின் நடுவில் வைத்து, இலக்கணத்தைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தாய்மொழிக்கு ஏற்பத் திறந்து காட்டுங்கள்.

தொடக்கம் மிக எளிது. வெவ்வேறு தாய்மொழி பேசும் ஐந்து மாணவர்களிடம் ஆளுக்கொரு சின்ன நோட்டைக் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு, ஆங்கிலம் காலைவாரிய ஒவ்வொரு இடத்தையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, என்ன காதில் விழுந்தது, என்ன சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போனது. 'உங்களுக்கு ஆங்கிலத்தில் என்ன கஷ்டம்?' என்று நேராகக் கேட்டால் எல்லோரும் கிராமர் என்றுதான் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. நோட்டில் வந்த இடங்களைத் தொகுத்தால் அலுவலகம், ஆய்வகம், விடுதி என்று மூன்று நான்கு இடங்களில் அவை குவிவதைப் பார்ப்பீர்கள். உங்கள் செயலியின் முதல் பதிப்புக்கு அவை போதும்.

பிறகு, திரைகளைத் தாளில் பென்சிலால் வரைந்து, அதே ஐந்து பேரின் முன்னால் வைத்து, விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பயன்பாட்டுக் குறைகளில் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதியது மென்பொருள் துறையில் நன்கு அறியப்பட்ட ஒன்று. ஆனால், ஐவரும் ஒரே மொழிக்காரராக இருந்துவிட்டால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். அவர்கள் தடுமாறும்போது நீங்கள் விளக்கம் சொல்லாமல் இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் கடினமான பகுதி அதுதான்.

கேள்வி: நான் ஆங்கில ஆசிரியை. இப்படி ஒரு செயலிக்குப் பாடம் எழுதித்தருமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். எத்தனை சொற்களை வைப்பது, எவற்றைத் தேர்ந்தெடுப்பது, கற்றது மறந்துபோகாமல் இருக்க என்ன செய்வது என்று விளக்குவீர்களா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: சொற்களைத் தேர்ந்தெடுக்க இரண்டு பட்டியல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மைக்கேல் வெஸ்ட் வங்காளத்தில் ஆசிரியப் பணியாற்றியவர். ஆங்கிலம் கற்பவர்களுக்கு மிகவும் பயன்படும் சொற்களைத் தொகுத்து அவர் 1953-ல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் இருக்கின்றன. நியூசிலாந்தில் அவரில் காக்ஸ்ஹெட் தொகுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல், 35 லட்சம் சொற்கள் அளவுள்ள பல துறைக் கல்வி எழுத்துகளிலிருந்து 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) பிரித்தெடுத்தது. கல்வி எழுத்தில் சராசரியாகப் பத்துச் சொல்லுக்கு ஒன்று அந்தப் பட்டியலைச் சேர்ந்ததாக இருக்கிறது. இந்த இரண்டையும் நீங்கள் அடித்தளமாகக் கொள்ளலாம்.

ஆனால், முதலில் கற்பிக்க வேண்டிய சொற்கள் உங்கள் கல்லூரி நூலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கடந்த சில ஆண்டுகளின் வினாத்தாள்களை எடுத்து, கேள்விகளின் தொடக்கத்தில் வரும் வினைச்சொற்களை மட்டும் தொகுத்துப்பாருங்கள். டிஃபைன், டிரைவ், கம்பேர், ஜஸ்டிஃபை, இலஸ்ட்ரேட் என்று ஒரு சிறு கூட்டமே மறுபடி மறுபடி வரும். இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு தெரியாமல் மதிப்பெண்ணை இழப்பவர்கள் பலர். 'எக்ஸ்ப்ளெயின் வித் எ நீட் ஸ்கெட்ச்' என்ற வரியைப் படித்துவிட்டு, அழகான ஓவியம் கேட்கிறார்கள் என்று நினைத்து, தேர்வில் இருபது நிமிடத்தை வண்ணப் பென்சிலோடு கழித்துவிட்ட வியட்நாம் மாணவி ஒருவரை எனக்குத் தெரியும். பாகங்களின் பெயர் குறித்த எளிய கோட்டுப்படம் போதும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

பாடத்தின் இலக்கை எழுதும் முறைக்கு, ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் படிநிலை நல்ல முன்மாதிரி. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக அமைந்த அது, கற்பவருக்கு என்ன இலக்கணம் தெரியும் என்று கேட்பதைவிட, அந்த மொழியில் அவரால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறது. நீங்களும் 'நிகழ்கால வினை' என்று தலைப்பிடாமல், 'போனஃபைடு சான்றிதழைக் கேட்டு வாங்க முடியும்', 'வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வி புரியவில்லை என்றால் மரியாதையாகத் திருப்பிக் கேட்க முடியும்' என்று தலைப்பிடுங்கள். மாணவர் தன் நாளை அதில் அடையாளம் கண்டுகொள்வார்.

மறதியைப் பொறுத்தவரை, ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். மறக்கும் தறுவாயில் திரும்பப் படிப்பதே சிக்கனமான வழி. ஜெர்மனியில் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் இதை அட்டைப் பெட்டிகளாகவே செய்து காட்டினார். சரியாகச் சொன்ன சொல்லின் அட்டை அடுத்த பெட்டிக்கு நகரும், அந்தப் பெட்டியை இன்னும் சில நாட்கள் கழித்துத்தான் திறக்க வேண்டும்; தவறாகச் சொன்னால் அட்டை முதல் பெட்டிக்கே திரும்பிவிடும். உங்கள் செயலியில் 1, 3, 7, 15 நாட்கள் என்று இடைவெளி வைத்துத் தொடங்கி, போகப் போகச் சரிசெய்துகொள்ளலாம். இதில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். தனிச்சொல்லை அட்டையில் வைக்காமல், அந்தச் சொல் விடுபட்ட முழு வாக்கியத்தை வையுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்வதைக் காட்டிலும், விடையைத் தானாக நினைவிலிருந்து எடுக்கச் சொல்வது ஆழமாகப் பதியும். புதிய சொற்களை நாளுக்கு எட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். இருபது கொடுத்தால் முதல் வாரம் உற்சாகமாகப் போகும். மூன்றாவது வாரத்தில், திரும்பப் பார்க்க வேண்டிய அட்டைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, செயலியைத் திறக்கவே மனம் வராது.

கேள்வி: உச்சரிப்புப் பயிற்சிக்குப் பேச்சை உணரும் தொழில்நுட்பத்தைச் சேர்த்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மதிப்பெண் தரலாம் என்று எங்கள் குழு நினைக்கிறது. மாதிரிக் குரலுக்குப் பிரிட்டிஷ் உச்சரிப்பா, அமெரிக்க உச்சரிப்பா என்பதில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை.
– மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்

பதில்: இரண்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இரண்டுக்கும் முன்னால் சென்னைக் குரல்கள் வேண்டும் என்கிறேன். உங்கள் மாணவர் நாளைக் காலை எட்டரை மணிக்குக் கேட்கப்போவது லண்டன் செய்தி வாசிப்பாளரின் குரலையா, திருநெல்வேலியில் பிறந்து சென்னையில் பாடம் நடத்தும் பேராசிரியரின் குரலையா? வேகமாகப் பேசும் ஆய்வக உதவியாளர், மெஸ் பொறுப்பாளர், விடுதிக் காப்பாளர், வங்கி ஊழியர் என்று பத்துப் பதினைந்து பேரிடம் அனுமதி பெற்று, அவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாக்கியங்களை அவர்கள் இடத்திலேயே பதிவு செய்யுங்கள். மின்விசிறிச் சத்தமும் பின்னால் கேட்கும் பேச்சும் கொஞ்சம் இருக்கட்டும். கேட்டுப் புரிந்துகொள்வது இந்தக் குரல்களில் தொடங்கட்டும். பிற நாட்டு உச்சரிப்புகள் இரண்டாம் கட்டமாக வரட்டும்.

மதிப்பெண் தருவதைக் கைவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022-ல் வெளியிட்ட விஸ்பர் போன்ற பேச்சுணர் மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலிப்பதிவைக் கொண்டு பயிற்றப்பட்டது. பேசியவர் என்ன சொல்ல வந்திருப்பார் என்று சூழலைக் கொண்டு ஊகித்து எழுதுவதே அதன் திறமை. அதனால், உச்சரிப்பு தவறாக இருந்தாலும் எழுத்தில் சரியான சொல் வந்துவிடுகிறது. உச்சரிப்பு சரியாக இருந்தும் பழக்கமில்லாத ஒலிப்பாங்காக இருந்தால் வேறு சொல் வந்துவிடுகிறது. இரண்டுமே கற்பவருக்குக் கெடுதல். நூற்றுக்கு 43 என்று சிவப்பில் காட்டும் திரையைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் வகுப்பில் வாயையே திறக்காமல் உட்கார்ந்திருந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பதிலாக, மாணவரின் குரலைப் பதிவு செய்து மாதிரிக் குரலுக்கு அடுத்ததாக ஒலிக்கவிடுங்கள். வேறுபாட்டைக் காது தானே கண்டுபிடிக்கும். எங்கே கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் தாய்மொழியை அறிந்து சுட்டிக்காட்டுங்கள். அரபி பேசுபவர்களுக்கு 'பார்க்', 'பார்க்கிங்' ஆகியவற்றின் முதல் ஒலி தங்கள் மொழியில் இல்லை. அது அவர்கள் வாயில் 'பால்' என்னும் ஆங்கிலப் பந்தின் முதல் ஒலியாகிவிடும். இந்த இரண்டு ஒலிகளுக்கும் நாமே ஒரு பகரத்தைத்தான் வைத்திருக்கிறோம் என்பதால், நம்மவர்களுக்கு இது எளிதில் புரியும். தனி ஒலிகளைக் காட்டிலும் அழுத்தம் முக்கியம். 'போட்டோகிராஃப்' என்னும்போது முதல் அசையிலும், 'போட்டோகிராஃபர்' என்னும்போது இரண்டாம் அசையிலும், 'போட்டோகிராஃபிக்' என்னும்போது மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது. அழுத்தம் இடம் மாறினால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகும்; ஆகவே, அசைகளைச் சிறிய பெரிய வட்டங்களாகத் திரையில் வரைந்து காட்டுவது நல்ல உத்தி.

கேள்வி: மெனுவும் விளக்கங்களும் ஆங்கிலத்திலேயே இருந்தால் போதுமா, மாணவர்களின் தாய்மொழியிலும் வேண்டுமா? அரபியில் கொடுப்பதென்றால் வடிவமைப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வடிவமைப்பாளர், வேளச்சேரி

பதில்: தொடக்க நிலையில் இருப்பவருக்கு விளக்கம் தாய்மொழியில்தான் இருக்க வேண்டும். அந்த நிலையைத் தாண்டிய பிறகு, தொட்டால் மட்டும் தாய்மொழி தெரியும்படி மறைத்துவைக்கலாம்.

அரபியும், ஆப்கானிஸ்தானில் பேசப்படும் தாரி, பஷ்தூ மொழிகளும் வலமிருந்து இடமாக எழுதப்படுபவை. ஆண்ட்ராய்டு 4.2 பதிப்பிலிருந்து, அதாவது 2012-லிருந்து, இதற்கான வசதி இருக்கிறது. இடது, வலது என்று ஓரங்களைக் குறிக்காமல் தொடக்கம், முடிவு என்று குறித்துவைத்தால் திரை தானாகவே திரும்பிக்கொள்ளும். தொல்லை வருவது இரண்டு மொழிகளும் ஒரே வரியில் கலக்கும்போதுதான். அரபி விளக்கத்துக்கு நடுவே ஓர் ஆங்கில வாக்கியம் வந்தால், அதன் கேள்விக்குறி வாக்கியத்தின் தலைப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும்; நிறுத்தற்குறியைக் கற்பிக்கும் செயலியிலேயே இப்படி நடந்தால் மாணவர் அதையே சரியென்று படித்துவிடுவார். ஆங்கில வாக்கியத்தை எப்போதும் தனி வரியில் தனிப் பெட்டியாக வையுங்கள். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் போன்ற மொழிகளின் எழுத்துகளுக்கு கூகுளின் நோட்டோ எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒலிக்கோப்புகளை ஒரேயடியாக இறக்காமல், பாடம் பாடமாக விடுதி வைஃபையில் இறக்கிக்கொள்ளும்படியும், பிறகு இணையம் இல்லாமலே இயங்கும்படியும் செய்யுங்கள். ஊருக்குப் பேசுவதற்கே டேட்டாவைச் சேமித்துவைக்கும் மாணவர்கள் இவர்கள்.

கேள்வி: தொடர்ந்து எத்தனை நாள் படித்தார் என்று எண்ணிக் காட்டுவது, புள்ளிகள், தரவரிசை ஆகியவற்றைச் சேர்க்கலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: தரவரிசை வேண்டாம். நாள்கணக்கு, தேர்வு வாரத்திலும் நோன்பு மாதத்திலும் டிசம்பர் மழையில் மின்சாரம் போகும் நாட்களிலும் அறுந்துபோகும். அறுந்த அன்றே செயலியைக் கைவிடுபவர்கள் அதிகம். கற்ற சொற்களின் மொத்தத்தை மட்டும் காட்டுங்கள், அது குறைவதில்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவோடு மணிக்கணக்கில் ஆங்கிலத்தில் உரையாடும் வசதி வந்துவிட்ட பிறகு, இவ்வளவு சிரமப்பட்டுப் பாடம் அமைக்கத்தான் வேண்டுமா? ஒரு உரையாடல் பெட்டியை வைத்துவிட்டால் போதாதா?
– கல்லூரி விரிவுரையாளர், தாம்பரம்

பதில்: ஒத்திகைக்கு அது மிகவும் நல்ல துணை. நள்ளிரவில் பத்து முறை தவறாகப் பேசினாலும் முகம் சுளிக்காத துணை என்பதில், கூச்சமுள்ளவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விடுதிக் காப்பாளரிடம் அறை மாற்றம் கேட்பதற்கு முன் அதனிடம் இரண்டு முறை கேட்டுப் பழகலாம். ஆனால், அரியர், போனஃபைடு போன்ற சொற்களுக்கு உங்கள் கல்லூரியில் என்ன நடைமுறை, எந்த ஜன்னல், எந்தக் கடைசி நாள் என்பதெல்லாம் நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். தெரியாததையும் தெரிந்ததைப் போலச் சொல்லிவிடும் வழக்கம் அதற்கு உண்டு. ஆகவே, பாடம் அமைக்கும் வேலை குறையப்போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறைக்கு ஒரு கணக்கு வருகிறது: ஆசிரியர் உரைத்ததை முழுமையாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்கே பிடிபடும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரை. மொழிக் கற்றல் ஆய்வாளர் மேரில் ஸ்வைன் 1985-ல் கனடாவிலிருந்து எழுதியதும் ஏறத்தாழ இதே திசையில்தான்: கேட்பதோடு நின்றுவிடாமல் தானே வாக்கியத்தை அமைத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும்போதுதான், தனக்கு என்ன தெரியவில்லை என்பதைக் கற்பவர் கவனிக்கிறார். எனவே, செயலி வாரத்துக்கு ஒரு வேலையைக் கொடுத்து மாணவரை வெளியே அனுப்ப வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரிடம் எந்த வண்டி பாரிமுனை போகும் என்று கேட்டுவருவது, ஜெராக்ஸ் கடையில் இரு பக்கமும் அச்சிடச் சொல்வது, ஒரு தமிழ் மாணவருக்குத் தன் ஊர்ச் சமையலை ஆங்கிலத்தில் விளக்குவது. திரும்பி வந்து நடந்ததை நான்கு வாக்கியத்தில் அதில் பேசிப் பதிவு செய்யட்டும். தமிழ் மாணவர்களிலும் ஆங்கிலம் பேசத் தயங்குபவர்கள் எத்தனையோ பேர். அவர்களைத் துணையாகச் சேர்த்துவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

கேள்வி: செயலியை முடித்துவிட்டோம். பிளே ஸ்டோரில் வெளியிடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?
– வாசகர், பெருங்களத்தூர்

பதில்: பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒரு முறை கட்டினால் போதும். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் தொடங்கிய கணக்காக இருந்தால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இருந்த பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். அந்தப் பன்னிரண்டு பேரை வகுப்புத் தோழர்களைக் கொண்டு நிரப்பிவிடாமல், வெளிநாட்டு மாணவர்களாகவே தேடிச் சேருங்கள்.

குரல் பதிவுகளை வாங்குகிறீர்கள் என்றால், 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். எதற்காக வாங்குகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், கேட்டால் அழித்துவிட வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பாஸ்போர்ட் எண்ணையும் விசா விவரத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் கேட்காதீர்கள். ஆங்கிலம் கற்பிக்க அவை தேவையே இல்லை. அவை வெளியே கசிந்தால் பாதிக்கப்படுபவர், அந்நிய ஊரில் தனியாக இருக்கும் ஒரு மாணவர்.

கேள்வி: நான் 62 வயது இல்லத்தரசி. எங்கள் மாடி வீட்டில் எத்தியோப்பியாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் வாடகைக்கு இருந்து படிக்கிறார்கள். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்குச் செயலி செய்யத் தெரியாது; பி.யூ.சி. வரை படித்த ஆங்கிலம் மட்டும் இருக்கிறது. நான் ஏதாவது உதவ முடியுமா?
– வாசகி, சூளைமேடு

பதில்: முடியும் அம்மா. இந்தக் கடிதங்களில் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது உங்களுடையதுதான். அந்தப் பெண்களிடம் நீங்கள் வாரந்தோறும் சொல்லும் வாக்கியங்களைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். தண்ணீர் லாரி காலை ஆறு மணிக்கு வரும், மோட்டாரைப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், இ.பி. பில் வந்திருக்கிறது, கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தாயிற்று, இரவு பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இவை இல்லை. உங்கள் குரலில், உங்கள் ஆங்கிலத்தில், வழக்கமான வேகத்தில் ஒருமுறையும் நிதானமாக ஒருமுறையும் பதிவு செய்து கொடுத்தால், செயலி செய்பவர்களுக்கு அது பெரிய உதவி. புரியாது என்று நினைத்துச் சொற்களைத் துண்டு துண்டாகச் சொல்லாமல், முழு வாக்கியமாகவே பேசுங்கள்.

அவர்கள் பேசும்போது பிழை வந்தால் இடைமறித்துத் திருத்த வேண்டாம். 'யெஸ்டர்டே வாட்டர் நாட் கம்' என்று ஒரு பெண் சொன்னால், 'ஆமாம், யெஸ்டர்டே த வாட்டர் டிட் நாட் கம். டுடே இட் வில் கம்' என்று உங்கள் பதிலுக்குள்ளேயே சரியான வடிவத்தை வைத்துச் சொல்லிவிடுங்கள். நல்ல மொழியாசிரியர்கள் செய்வதும் இதைத்தான்.

கிண்டி மாணவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், இதழ் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதட்டும். உங்கள் சம்மதம் கிடைத்தால் அவர்களை உங்களிடம் அனுப்பிவைக்கிறேன். பிற்பகல் மூன்று மணி போல, தெருவில் சத்தம் குறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, அந்த இரண்டு பெண்களும் வீட்டில் இருக்கும் நாளில் வரச் சொல்லுங்கள்.